ஒன்றுமில்லாத இடத்தின் படம்

“இந்த ஊர்ல நான் பாக்காத வயிறு கிடையாது. பாத்த வயித்துல நான் பாக்காத இடம் கிடையாது.”

டாக்டர் ஹோன்மா இதைச் சொன்னபோது அவர் வாயில் உப்பிட்ட சால்மன் துண்டு ஒன்று இருந்தது. இருந்தும் சொல் பிசகவில்லை. பல வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். மீனுக்குப் பக்கத்திலேயே அதற்கென்று வாயில் தனி இடம் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த டாக்டர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குத் திரும்பினார்கள். பூமி உருண்டை என்று யாராவது சொன்னால் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி.

கமெஹாமா சின்னத் துறைமுகம். குளிர்காலத்தில் ஊருக்கு வருவது பனியும் கணவாய் மீனும் மட்டும்தான். நகராட்சி நடத்தும் வயிற்றுப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கேமரா பொருத்திய குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் வியாழக்கிழமை சாயங்காலம் மருத்துவர் சங்கத்து மாடியில் கூடுவார்கள். ஒரு ஜோடிக் கண்ணை நம்பக் கூடாது என்பது விதி. ஒருவர் எடுத்த படங்களை இன்னொருவர் மறுபடி படிக்க வேண்டும். அதன் பிறகுதான் நோயாளிக்கு முடிவு தபாலில் போகும். திரையில் நோயாளியின் பெயரும் இருக்காது, படம் எடுத்தவர் பெயரும் இருக்காது. சின்னவர்கள் பெரியவர்களைக் குறை சொல்ல நேர்ந்தால், யாரைச் சொன்னோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டுப் போகலாம் என்ற நல்ல எண்ணம். நடைமுறையில், வயிறு யாருடையது என்றுதான் தெரியாது. கை யாருடையது என்று அறை முழுக்கத் தெரியும்.

அன்று முதலில் வந்த படங்கள் கழுவி வெயிலில் வைத்த பீங்கான் தட்டு மாதிரிப் பளபளத்தன. போன வசந்தத்தில் ஸ்டேஷன் பக்கத்தில் கிளினிக் திறந்த டாக்டர் தகிசாவாவின் கை. முப்பத்தைந்து வயசுக்காரி. திரைக்கருவியை ஓட்டுவதும் அவர்தான், கடைசி நாற்காலியை மடித்து வைப்பதும் அவர்தான். ஆனாலும் டாக்டர் என்பதால் அவரையும் ‘சென்செய்’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

“யாரோ வயித்துக்குள்ள துணி துவைச்சுக் காயப்போட்டிருக்காங்க,” என்றார் ஹோன்மா. “தகிசாவா சென்செய், உங்களச் சொல்லல. யாரோ ஒருத்தர். வெறும் சுவரைப் போய் இத்தனை படம் எடுத்திருக்காரே, எதுக்கு?”

“அங்க ஒண்ணுமில்லன்னு காட்டுறதுக்கா இருக்கும், சென்செய்,” என்றார் தகிசாவா. “அந்த யாரோ ஒருத்தர்.”

“ஒண்ணுமில்லாதத எனக்குக் கண்ணாலயே பாக்கத் தெரியும்.”

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்தார்கள். அடுத்த வயிறு வந்தது.

அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்தது. குனிந்து பெட்டிக்குள் எதையோ தேடினார்கள். திரையில் நுரை. சாதாரண நுரையில்லை, பெரிய கோப்பையில் அவசரமாக ஊற்றிய பியர் மாதிரி ததும்பும் நுரை. குழாய் விடும் முன்பு நோயாளிக்கு ஒரு கலங்கல் மருந்து கொடுத்து, அது உள்ளே போய் நுரையையும் கோழையையும் கரைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கமெஹாமாவில் காத்திருக்காத டாக்டர் ஒருவர்தான். அந்த ஒருவர் நிம்மதியாக முட்டைப் பொரியலை மென்றுகொண்டிருந்தார்.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டாவதாகப் படித்தவரின் கருத்தை வாசித்தார். “படம் எடுத்தவரின் நீண்ட அனுபவம் ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது. இரைப்பையின் மேல்மூலை, திரும்பிப் பார்க்கும் கோணத்தில், நுரையின் செழிப்பால் சற்றே மறைந்திருக்கிறது. அந்த இடத்தையும் காணும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தால் மகிழ்வோம்.”

கமெஹாமா டாக்டர்களின் பாஷையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: கூப்பிட்டு மறுபடி குழாய் விடு.

ஹோன்மா மெல்வதை நிறுத்தினார். நுரையால் அல்ல. திரையின் கீழ் ஓரத்தில், வயிற்றின் கீழ்வாசல் பக்கம், அரிசி மணி அளவுக்கு ஒரு பரு தெரிந்தது. தீங்கில்லாத பரு. ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்த்துப் பார்த்து அதற்கு வணக்கம் சொல்லும் அளவுக்குப் பழக்கம். முகம் மறந்தாலும் வயிறு மறக்காது என்று அவர் சொல்லிக்கொள்வது பொய்யில்லை. அது கொஷினோவின் வயிறு.

கொஷினோ முடிதிருத்துபவர். ஹோன்மாவோடு ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தூண்டிலில் மீன் பிடித்து, ஒரே நாளில் கடலில் விழுந்தவர். அவருடைய அண்ணன் இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு வயிற்றுப் புற்றில் போய்ச் சேர்ந்தார். வேறு ஊரில் பார்த்தார்கள்; பார்த்தபோது மேல்மூலையில் முற்றிப்போயிருந்தது. அதே மூலை.

“நான் கண்ணால பாத்திருக்கேன்,” என்று ஹோன்மா பொதுவாக அறைக்குச் சொன்னார். பிறகு பெயர் மறைத்த கூட்டம் என்பது ஞாபகம் வந்து, “பாத்திருப்பார்,” என்று திருத்தினார்.

“கண்டிப்பா பாத்திருப்பார், சென்செய்,” என்று எல்லோரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை முடிவெட்டும் நாள். கடையில் வேறு யாரும் இல்லை. வேறு யாராவது இருந்தால் கொஷினோ ‘சென்செய்’ என்று இடுப்பை வளைப்பார். இல்லாவிட்டால் வளைக்க மாட்டார்.

“உக்காருடா. என் முடிவு என்னாச்சு? தபால்காரன் தினமும் மின்சார பில்லத்தான் கொண்டுவர்றான்.”

“வரும். வியாழக்கிழமைக் கூட்டம் முடிஞ்சுதான் அனுப்புவாங்க.”

“உன் கண்ணுல பட்டாச்சு. அதுக்கு மேல இன்னும் நாலு பேர் கூடி என் வயித்த என்ன பண்றீங்க? சினிமாவா பாக்குறீங்க?”

“விதி அப்படி.”

“அன்னிக்கு நீயே சொன்ன, சுத்தமா இருக்குன்னு. நானும் வீட்டுல சொல்லிட்டேன். அண்ணி வந்து அழுதுட்டுப் போனாங்க. சந்தோஷத்துல.” கத்தரிக்கோல் காதருகே சடசடவென்று ஓடியது. “சுத்தம்தானே?”

ஹோன்மா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். முகம் நம்பிக்கையோடுதான் இருந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

“வெந்நீர்த் துண்டப் போடு. குளிருது.”

சவரம் முடிந்தது. கொஷினோ வழக்கம்போல ஆணியில் தொங்கிய கைக்கண்ணாடியை எடுத்து, ஹோன்மாவின் பின்தலைக்கு நேராகப் பிடித்தார். ஹோன்மா வழக்கம்போலக் கையை வீசி மறுத்தார்.

“வேணாம்டா. எத்தனை வருஷமா இந்தச் சடங்கு. பின்னாடி என்ன ஆகிடப்போகுது? என்னிக்காவது யாராவது பாத்துட்டு, ஐயோ சரியில்ல, வெட்டுன முடிய ஒட்டுன்னு சொன்னதுண்டா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குக் காட்டுற?”

“காட்டாம அனுப்பினா எனக்கு ஒருமாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டு கொஷினோ கண்ணாடியை மறுபடி ஆணியில் மாட்டினார்.

கடையிலிருந்து இறங்கும்போது சொல்லிவிடுவதென்று ஹோன்மா முடிவு செய்திருந்தார். இறங்கினார். சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பார்த்ததை மறுபடி பார்க்க வேண்டும் என்றா? நேராகப் பக்கத்து நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். உள்ளே ஆவி, வெளியே பனி; கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த அரிப்பு தொடங்கியது. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. குற்ற உணர்ச்சி என்றால் அவரே சிரிப்பார். வெறும் ஆராய்ச்சி ஆர்வம்தான்: பார்த்தேன் என்கிறேனே, என்ன பார்த்தேன்?

விரலால் ஜன்னல் ஆவியில் கொஷினோவின் வயிற்றை வரையத் தொடங்கினார். உணவுக்குழாய் வந்து சேரும் இடம். பெரிய வளைவு. மடிப்புகள், ஒவ்வொன்றும் அதனதன் சாய்வோடு. கீழ்வாசல், அரிசி மணி. விரல் தயங்காமல் ஓடியது. தன் திறமையைத் தானே ரசித்தார். பிறகு விரல் மேல்மூலைக்குப் போனது. போய் நின்றது. அந்தக் காலையை நினைத்துப் பார்த்தார். வாசலில் பனிச்செருப்புகள் வரிசையாக நின்றதும், “சீக்கிரம் முடிடா, கடை திறக்கணும்” என்று கொஷினோ கெஞ்சியதும், தான் குழாயைத் திருப்பியதும் ஞாபகம் வந்தன. திருப்பினால் தெரிந்தது... தெரிந்தது இன்னொருவர் வயிறு. இன்னொரு முறை நினைத்தார். மீன்சந்தை ஏலக்காரரின் வயிறு வந்தது. மூன்றாம் முறை பாடப்புத்தகத்து வயிறே வந்துவிட்டது.

வெளியே போன பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் ஜன்னலைப் பார்த்து நின்றார்கள்.

“கத்தரிக்காய்டி,” என்றாள் ஒருத்தி.

“மேல கொஞ்சம் விட்டுட்டார்,” என்றாள் மற்றவள்.

ஹோன்மா சட்டைக்கையால் வயிற்றைத் துடைத்துவிட்டு நூடுல்ஸைச் சாப்பிட்டார். ஆறிப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் சங்கத்தின் செய்தி இதழ் வந்தது. யாரும் படிக்காத இதழ். பெயர் வந்திருக்கிறதா என்று மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள். அட்டையில் வியாழக்கிழமைக் கூட்டத்தின் படம். திரைக்கருவிக்குப் பின்னாலிருந்து தகிசாவா எடுத்தது. ஒளிரும் திரை, அதற்கு முன்னால் வரிசையாகக் கறுப்புத் தலைகள். கீழே ‘அறிவுத் தேடலில் ஒரு மாலை’ என்று எழுதியிருந்தது.

“நிஷிவாகி, இங்க வந்து பாருங்க,” என்று ஹோன்மா நர்ஸைக் கூப்பிட்டார். “முன்வரிசைல யாரோ ஒரு கிழவர். உச்சில வட்டமா வழுக்கை. திரை வெளிச்சம் பட்டு நிலா மாதிரி ஜொலிக்குது. பாவம், யாரு இவரு? வெளியூர்க்காரரா?”

நிஷிவாகி அவரோடு இருபது வருஷமாக வேலை செய்பவர். படத்தைப் பார்த்தார். ஹோன்மாவைப் பார்த்தார். சுவரிலிருந்த கை கழுவும் முறை பற்றிய அறிவிப்பை முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“முன்வரிசைல ஓரத்துலயிருந்து மூணாவது நாற்காலில யாரு உக்காருவாங்க, சென்செய்?”

“நான்தான். அது என் இடம். என் இடத்துல போய் உக்காந்திருக்காரு பாருங்க அந்தக் கிழவர்.”

நிஷிவாகி இதழை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

ஹோன்மாவின் கை மெல்ல உச்சந்தலைக்குப் போனது. தடவியது. சமவெளி ஒன்று தட்டுப்பட்டது. அதன் எல்லைகளை விரல் நிதானமாக அளந்துவிட்டுத் திரும்பி வந்தது.

“எப்பயிருந்து?”

“பழைய மீன்சந்தைய இடிச்சாங்கல்ல... அப்பவே கொஞ்சம்.”

“அது ஆகி எட்டு வருஷம் இருக்குமே.”

“இருக்கும்.”

“ஒருத்தர்கூடச் சொல்லல.”

“உங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம், சென்செய்.”

நினைச்சோம். அந்த ‘ஓம்’ எத்தனை பேரை உள்ளடக்கியது என்று ஹோன்மா கணக்கிட்டுப் பார்த்தார். நோயாளிகளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னது, மேயருக்குக் குனிந்தது, இழவு வீடுகளில் குனிந்தது, மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்களில் மட்டும் கொஞ்சம் குறைவாகக் குனிந்தது. எட்டு வருஷமாக ஊர் முழுவதற்கும் அவர் பணிவோடு காட்டிவந்தது இதைத்தான். தினமும் காலையில் கண்ணாடி பார்த்துத்தான் தலை சீவுகிறார்; கண்ணாடியில் இருந்தவருக்கு முடி இருந்தது.

கொஞ்ச நேரம் இதழையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

“கொஷினோ, நான்தான். நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வா.”

மறுமுனையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“என்னடா இருக்கு?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தெரியல. ஒரு இடம் படத்துல சரியா விழல. மறுபடி பாக்கணும்.”

“எந்த இடம்?”

ஹோன்மா சொன்னார். மறுமுனையில் ரேடியோவின் சுமோ மல்யுத்த வர்ணனை மட்டும் கேட்டது. யாரோ யாரையோ வட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள்.

“அண்ணிக்கிட்ட என்ன சொல்றது?” என்றார் கொஷினோ.

“என் தப்புன்னு சொல்லு.”

“அத நீ சொல்லிக் கேட்டதே இல்லையே. ஒருதரம் கடல்ல விழுந்தப்பவே நான் தள்ளினேன்னுதான் சொன்ன.”

“நீதான் தள்ளின. வர்றப்ப பனிச்செருப்பு போட்டுட்டு வா, வழுக்குது.”

மறுநாள் காலை நிஷிவாகி கலங்கல் மருந்தைக் கொடுத்தார். கொஷினோ முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஹோன்மா கையுறை மாட்டிக்கொண்டு குழாயை எடுக்கப் போனார், நின்றார், கையுறையைக் கழற்றினார்.

“புரண்டு படு.”

“எதுக்கு?”

“மருந்து எல்லா மூலைக்கும் போகணும். இப்ப இந்தப் பக்கம். ம், இப்ப குப்புற.”

“போன தடவை இந்தக் கூத்தெல்லாம் இல்லையே.”

“போன தடவை இல்ல.”

காத்திருந்தார்கள். வெளி அறையில் நோயாளிகள் இருமினார்கள். சுவர்க்கடிகாரத்தை ஹோன்மா இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. முட்கள் நகர்கின்றனவா என்பதே சந்தேகமாக இருந்தது. நிஷிவாகி குழாய் கழுவும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, இந்தக் காட்சி கலையாதிருக்க வேண்டும் என்பதுபோல அசையாமல் இருந்தார்.

பிறகு மூக்கு மரத்துப்போக மருந்து, பிறகு மெல்லிய குழாய். மூக்கு வழியாக விடுவதில் ஒரு சங்கடம் உண்டு: நோயாளி பேசலாம். திரையையும் பார்க்கலாம்.

“இதுதான் நானா?” என்றார் கொஷினோ, மூக்கடைத்த குரலில். “இவ்வளவு சிவப்பா?”

“எல்லாரும் இப்படித்தான்.”

“நல்லா வழவழன்னு இருக்கு. சவரம் பண்ணின மாதிரி.”

“பேசாத. ஆடுது.”

ஹோன்மா தண்ணீரைப் பீய்ச்சிச் சுவரைக் கழுவினார். உறிஞ்சினார். மறுபடி கழுவினார். மடிப்பை விரித்துப் படம் எடுத்தார். அடுத்த மடிப்பு, அடுத்த படம். அரிசி மணிக்கு வழக்கமான வணக்கம். பிறகு குழாயின் நுனியை உள்ளேயே வளைத்து மேல்நோக்கித் திருப்பினார். திரையில் கூரையிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு தொங்கியது.

“அது என்னடா, கறுப்பா?” கொஷினோவின் கால் விறைத்தது.

“பயப்படாத. அது என் குழாய்தான். நுனி திரும்பித் தன் முதுகையே பாத்துக்குது.”

“இத நீ போன தடவை காட்டலையே.”

“போன தடவை நுரையா இருந்துச்சு.”

“அப்ப நீ இந்த இடத்தப் பாக்கலையா?”

நிஷிவாகியின் கையிலிருந்த துணி நின்றது. நீண்ட அனுபவம் உள்ள ஒருவர் இந்தக் கேள்விக்குச் சொல்ல ஏகப்பட்ட பதில்கள் உண்டு. ஹோன்மாவுக்கு எல்லாம் தெரியும். சில அவரே கண்டுபிடித்தவை.

“பாத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியல,” என்றார்.

குழாய் மெதுவாகக் கறுப்புக் கயிற்றைச் சுற்றி வந்தது. மேல்மூலை. ஒரு பக்கம், கழுவி, படம். கயிற்றுக்குப் பின்பக்கம், அண்ணனுக்கு இருந்த பக்கம். சின்னதாக ஒரு சிவப்புத் தெரிந்தது. ஹோன்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனார். தண்ணீர் விட்டார். சிவப்பு நகர்ந்து, வழுக்கிக்கொண்டு கீழே ஓடிப்போனது. மூக்கில் குழாய் நுழைந்தபோது கசிந்த ரத்தத் துளி, உள்ளே வழிந்து வந்திருக்கிறது. அது இருந்த இடத்தில் வெளிர் சுவர், மெல்லிய நரம்புகள், ஒழுங்கான சாய்வு. அவர் கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி வந்து பார்த்தார். பொத்தானை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார்.

“என்ன இருக்கு?” என்றார் கொஷினோ. குரல் மூக்கடைப்பால் மட்டும் அப்படி இருக்கவில்லை.

“ஒண்ணுமில்ல.”

“நிஜமா?”

“நீயே பாரு.”

கொஷினோ பார்த்தார். வெறும் சுவர். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் வழக்கமான குரல் திரும்பியது.

“ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை படம் எடுக்குற?”

“ஒண்ணுமில்லன்னு சொல்லணும்ல.”

“அத வாயால சொன்னா ஆகாதா? ரெண்டு தடவை மூக்குல குழாய விட்டு, ஒரு நாள் கடைய மூட வெச்சு, அண்ணிய மறுபடி அழ வெச்சு...”

“நீ எழுந்திரு. மூக்கத் துடை.”

வியாழக்கிழமை அந்தப் படங்கள் திரைக்கு வந்தன. கழுவி வெயிலில் வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தன. மேல்மூலை எல்லாக் கோணத்திலும் விழுந்திருந்தது. அறை பாராட்டாக முனகியது.

“தகிசாவா சென்செயோட கைதானே?” என்றார் தலைவர். “பெயர் சொல்லக் கூடாது, ஆனாலும்.”

“என்னது இல்லையே,” என்றார் தகிசாவா, இருட்டில். அவர் பார்வை முன்வரிசையில் ஓரத்திலிருந்து மூன்றாவது நாற்காலியின் நிலா மீது கொஞ்சம் தங்கியது. “யாரோ ஒருத்தர்.”

யாரோ ஒருவர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த முடிவெட்டும் சனிக்கிழமைக்குள் கொஷினோவுக்குத் தபால் வந்துவிட்டது. அதைக் கண்ணாடி ஓரத்தில் எல்லோரும் பார்க்கும்படி செருகி வைத்திருந்தார். ஆனால் ஹோன்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. மூக்கு இன்னும் வலிப்பதாகவும், பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு வேலையை ஒரே தடவையில் செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்றும் கத்தரிக்கோலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டினார், சவரம் செய்தார், வெந்நீர்த் துண்டைக் கொஞ்சம் அதிகச் சூட்டோடு போட்டார். தோளைத் தட்டினார். போர்வையை உதறி எடுத்தார். கைக்கண்ணாடியைத் தொடவே இல்லை.

“ஆச்சு. எழுந்திரு.”

ஹோன்மா எழுந்திருக்கவில்லை.

“என்னடா? ஆச்சுன்னேன்.”

ஹோன்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். ஆணி கொஞ்சம் தூரத்தில் இருந்தது. சாய்ந்து எட்டிக் கைக்கண்ணாடியை எடுத்தார். அதைத் தலைக்குப் பின்னால் பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை, முதலில் கூரை தெரிந்தது, பிறகு சட்டைக்காலர், பிறகு ஜன்னலுக்கு வெளியே பெய்யும் பனி. கொஷினோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தரையைக் கூட்டத் தொடங்கினார். ஹோன்மா கண்ணாடியை மெல்லத் திருப்பினார், இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.